பக்வா: ரிச்மண்ட் ஹில் ஹோலிக்குப் போகும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பவை

நியூயார்க் குவீன்ஸ் பகுதியில், ரிச்மண்ட் ஹில்லை ஒட்டி, கயானாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்துவிடும். "நீங்க அந்தப் பக்கம்தானே இருக்கீங்க, பக்வா ஊர்வலம் எப்போ, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா, கார் நிறுத்த இடம் கிடைக்குமா?" வருடா வருடம் ஒரே பதிலைத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

பக்வா என்றால் ஹோலிதானே? பிறகு ஏன் வேறு பெயர்?

ஹோலிதான். பால்குன மாதத்துக்கு போஜ்புரிப் பேச்சில் 'பாகுன்' என்று பெயர். அதிலிருந்து வந்தது பக்வா. கயானா, சுரினாம், டிரினிடாட் மூன்று நாட்டு இந்திய வம்சாவளியினரும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். தெருவில் பார்த்தால் "ஹாப்பி பக்வா" என்று சொல்லுங்கள்; "ஹாப்பி ஹோலி" என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கயானா தென் அமெரிக்காவில் அல்லவா இருக்கிறது? அங்கே ஹோலி எப்படிப் போனது?

கரும்புக்கு ஆள் பிடித்த கதைதான். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத் துரைகளுக்கு வேலைக்கு ஆள் இல்லை. 1838 மே 5ஆம் தேதி விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 1917 வரை இந்த ஒப்பந்தக் கூலி முறை நடந்தது. கயானாவுக்கு மட்டும் ஏறத்தாழ 2,39,000 பேர் போனார்கள். பெரும்பாலானவர்கள் இன்றைய பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசக் கிராமத்து ஆட்கள். அவர்கள் வாயிலிருந்த பாட்டோடும் கையிலிருந்த டோலக்கோடும் போனது இந்தப் பண்டிகை. இன்று கயானாவிலும் சுரினாமிலும் பக்வா அரசு விடுமுறை. டிரினிடாட்டில் விடுமுறை இல்லை, ஆனால் ஆட்டத்துக்குக் குறைவில்லை.

கயானாவிலிருந்து நியூயார்க்குக்கு?

இது இரண்டாவது கப்பலேற்றம் என்று எங்கள் வீட்டுக்கார அம்மா சொல்வார். (நான் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தத் தெருவில் வயதில் மூத்த பெண்கள் எல்லாருமே ஆன்ட்டிதான்.) அமெரிக்கா 1965இல் குடிவரவுச் சட்டத்தைத் தளர்த்தியது. அதே காலத்தில் ஃபோர்ப்ஸ் பர்னம் ஆட்சியில் கயானாவில் இந்தியர்களுக்கு வாழ்க்கை இறுக்கமானது. 1970களிலும் 80களிலும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள்.

1980களின் தொடக்கத்தில் பர்னம் அரசு கோதுமை மாவு இறக்குமதியைத் தடை செய்தது. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க. கேட்பதற்குப் பொருளாதாரச் செய்தி போல இருக்கும். ரொட்டி சாப்பிடும் வீட்டுக்கு, பூரி இல்லாமல் பூசை நிறைவடையாத வீட்டுக்கு, அது வேறு செய்தி. கோரன்டைன் ஆற்றைத் தாண்டி சுரினாமிலிருந்து மாவு கடத்தி வருவார்களாம். ஆன்ட்டியின் அம்மா ஒரு பக்வாவுக்கு அரிசி மாவில் இனிப்பு செய்து, எல்லாம் எண்ணெயில் பிரிந்துபோய், அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாராம். இன்றைக்கும் ஆன்ட்டி வீட்டில் மாவு மூட்டை தீர விடமாட்டார். பத்து கிலோவாவது இருப்பில் இருக்கும்.

தேதியை எப்படிக் கணக்கிடுவது?

பால்குன பௌர்ணமியை வைத்து. 2025இல் மார்ச் 14. நம் பங்குனி உத்திரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024இல் இரண்டும் மார்ச் 25 அன்றே வந்துவிட்டன, அதனால் பலர் எப்போதும் ஒரே நாள் என்று நினைத்துவிட்டார்கள். நம்முடையது சூரிய மாதக் கணக்கு. 2025இல் உத்திரம் ஏப்ரல் 11க்குப் போய்விட்டது.

ஊர்வலம் பண்டிகை நாளன்று நடக்காது. வழக்கமாக அதை ஒட்டி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதியை அந்தந்த வருடம் விசாரித்துக்கொள்ளுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறாக அமைந்துவிட்டால் அன்று அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வருடம் நான் மறந்துபோய், வால் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊர்வலம் தவிர வேறு என்ன இருக்கிறது?

யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன். வண்ணப்பொடி ஒரு நாள் கூத்து. பக்வாவின் உயிர் அதற்கு முந்தைய நாற்பது நாட்களில், சௌதாலில் இருக்கிறது.

சௌதால் என்பது குழுவாகப் பாடுவது. வசந்த பஞ்சமியில் ஆரம்பித்து பக்வா வரை கோயில்களிலும் வீடுகளிலும் பாடுவார்கள். இரண்டு வரிசை, எதிரெதிராகத் தரையில் உட்கார வேண்டும். இரண்டு வரிசைக்கும் இடையில், ஒரு ஓரமாக டோலக்காரர். மற்றவர்கள் கையில் ஜால் என்கிற பித்தளைத் தாளம், நம் ஜால்ராவின் அண்ணன். சத்தம் காதைத் துளைக்கும். ஒரு வரிசை ஒரு அடியைப் பாடும், எதிர் வரிசை அதைத் திருப்பி அடிக்கும். மெதுவாகத் தொடங்கும். திரும்பத் திரும்ப அதே அடி, ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறும். முழங்காலில் எழுந்து நிற்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும், இனிமேல் முடியாது என்கிற இடத்தில் தடாலென்று தளர்ந்து, அடுத்த அடி மறுபடி மெதுவாக. நம் ஊர் மார்கழி பஜனையையும் லாவணியில் மன்மதன் எரிந்தான் என்கிற எரிந்த கட்சியும் எரியவில்லை என்கிற எரியாத கட்சியும் பாட்டில் மோதிக்கொள்வதையும் ஒன்றாகக் கலந்து, வேகத்தை மூன்று மடங்கு கூட்டினால் கொஞ்சம் பிடிபடும்.

பாடல்களில் பிருந்தாவனத்தில் கண்ணன் வண்ணம் விளையாடுவான், அயோத்தியில் ராமன் விளையாடுவான், பாகுன் வந்தும் கணவன் வரவில்லையே என்று ஒருத்தி ஏங்குவாள். மொழி பழைய பிரஜ், அவதி, போஜ்புரி. பாடுகிற இளவட்டங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தி தெரியாது. ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். கீழ்வீட்டுப் பேரன் பதினாறு வயது. பேசுவது அசல் குவீன்ஸ் ஆங்கிலம். ஜாலைக் கையில் எடுத்தால் அவன் கொள்ளுத் தாத்தாவின் ஊர் அவன் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அர்த்தம் தெரியுமா என்று ஒரு நாள் கேட்டேன். "கொஞ்சம் தெரியும். ஆனால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று முழுசாகத் தெரியும்" என்றான்.

கயானாவில் குழு வீடு வீடாக நடந்து போய்ப் பாடி, கடைசியில் அந்த வாசலை வாழ்த்திவிட்டுக் கிளம்புமாம். இங்கே நடப்பதற்குப் பதில் வேனில் போகிறார்கள், முற்றத்துக்குப் பதில் நிலவறை. பின்னிரவு ஆனால் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிடக்கூடும் என்று பத்து மணிக்கு முடித்துக்கொள்கிறார்கள். அழைப்பு இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. கோயிலில் பாடும் இரவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் யாராவது உங்கள் கையில் ஒரு ஜோடி ஜாலைத் திணிப்பார்கள். மறுக்காதீர்கள்.

ஹோலிகா எரிப்பது நியூயார்க்கில் சாத்தியமா?

வசந்த பஞ்சமியன்று ஒரு ஆமணக்குச் செடியை நட்டு வைப்பார்கள். அதுதான் ஹோலிகா. நாற்பது நாள் அதைச் சுற்றி விறகும் சருகும் சேர்த்து, பக்வாவுக்கு முந்தின இரவு கொளுத்துவது வழக்கம். நாம் பிரகலாதன் கதையில் தூண் பிளந்து நரசிம்மர் வருவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் அதற்கு முந்தைய அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்கார்ந்த அத்தை ஹோலிகா தான் எரிந்துபோக, பிள்ளை பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலை அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் விளையாட்டு.

இந்த நகரத்தில் நினைத்த இடத்தில் தீ மூட்ட முடியாது. தீயணைப்புத் துறை விதிகள் கடுமை. நான் போகும் கோயிலில் பின்வாசலில் ஒரு ஹோம குண்டத்துக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் எரிக்கிறார்கள், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு. பிப்ரவரிக் குளிரில் வெளியே ஆமணக்கு நிற்காது. ஆன்ட்டி சமையலறை ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கிறார். (வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம், விதை கடும் விஷம்.)

அந்தத் தொட்டியை முதல் வருடம் பார்த்தபோது எனக்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து காமன் பண்டிகை ஞாபகம் வந்தது. மாசியில், அதே வளர்பிறையில், தெருமுனையில் ஆமணக்கும் கரும்பும் நட்டு காமனாக்கி, ரதி மன்மதன் பாட்டுப் பாடி, கடைசியில் எரிப்பார்கள். இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் காமன் கூத்து இன்னும் ஆடுகிறார்கள். அவர்களும் நம் ஊரிலிருந்து தோட்டக் கூலிக்குப் போனவர்கள். கதை வேறு, இங்கே எரிவது அத்தை, அங்கே எரிவது மன்மதன். ஆனால் செடி ஒன்று, பருவம் ஒன்று, எரித்த இடத்தில் பாட்டு என்பதும் ஒன்று. 'ஹோலி வடக்கத்தியான் பண்டிகை, நமக்கென்ன' என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்கிறேன். நாம் மறந்ததை அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர்வலத்துக்கு எப்படிப் போவது?

ஏ ரயிலில் லெஃபர்ட்ஸ் பூலவார்டு கடைசி நிறுத்தம். வண்டியின் முன்பக்கப் பலகையைப் பார்த்து ஏறுங்கள், ஏ ரயில் கிளை பிரியும். ராக்அவேக்குப் போகிற வண்டியில் ஏறினால் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவீர்கள். இறங்கினால் லிபர்ட்டி அவென்யூ. 2021இல் இந்த இடத்துக்கு 'லிட்டில் கயானா அவென்யூ' என்று நகரசபை கூடுதல் பெயர் வைத்திருக்கிறது. காரில் வராதீர்கள். மறுபடி சொல்கிறேன், காரில் வராதீர்கள்.

கோயில்களும் கடைகளும் அலங்கரித்த லாரிகள் பாட்டோடு நகரும், கூட்டம் பின்னால் ஆடிக்கொண்டே போகும், வழக்கமாக ஸ்மோக்கி ஓவல் பூங்காவில் போய் முடியும். கூகுள் மேப்பில் அது பேஸ்பால் வீரர் ஃபில் ரிஸூட்டோ பெயரில் இருக்கும். ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் பழைய பெயரைச் சொல்லித்தான் காட்டுவார்கள்.

வரும் வழியில் வீட்டு வாசல்களில் மூங்கில் கழியில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கொடிகள் பார்ப்பீர்கள். கட்சிக் கொடி இல்லை. ஜண்டி என்பார்கள், வீட்டில் பூசை செய்து நட்டது. சிவப்பு அனுமாருக்கு.

என்ன உடுத்திக்கொண்டு வருவது?

மார்ச் நியூயார்க்கில் வசந்தம் என்பது பஞ்சாங்கத்தில் மட்டும். நாலு டிகிரியில் ஆடிய வருடம் உண்டு. உள்ளே சூடான துணி, மேலே தூக்கிப் போட மனம் வலிக்காத பழைய கோட்டு. நல்ல கோட்டு போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அப்படிப்பட்டவர்களைத்தான் தேடி வருவார்கள். முகத்திலும் தலையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பழைய கண்ணாடியோடு வரவும். துணியை வீட்டுக்கு வந்ததும் உதறி, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கறை இருக்கும்போது டிரையரில் போட்டால் அது நிரந்தரம்.

பொடி பாதுகாப்பானதா? குழந்தைகளுக்கு?

இப்போது பெரும்பாலும் சோளமாவுப் பொடி. கயானாக்காரர்கள் குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரையும் டப்பா டப்பாவாகக் கொட்டுவார்கள். எல்லாரும் கழுவாத இட்லித் தட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று திரிவார்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால் ஊர்வலத்தின் நடுவில் கொண்டுபோகாதீர்கள், பின்னால் தள்ளி நில்லுங்கள். கைக்குழந்தை வேண்டவே வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் முகத்தில் பூசலாமா?

கேட்டுவிட்டுப் பூசுங்கள். பெண்களிடம் கண்டிப்பாக. வயதானவர்களுக்குக் கன்னத்தில் பூசாமல் காலடியில் கொஞ்சம் வைத்துக் கும்பிட்டால் அவர்களே உங்கள் முகத்தைப் பிடித்துப் பூசுவார்கள்.

"நீ மதராசியா?" என்று கேட்கிறார்களே, கோபம் வரவில்லையா?

வந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று ஆன்ட்டி கேட்ட முதல் கேள்வியே அதுதான். டெல்லியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தச் சொல் எந்தத் தொனியில் வரும் என்று தெரியும். முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு அவர், "என் நானி மதராசி" என்றார். நானி என்றால் அம்மாவின் அம்மா. குரலில் இருந்தது பெருமை.

கயானாவுக்குப் போனவர்களில் ஒரு சிறு பங்கு மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். மொழி போய்விட்டது. பெயர்கள் இருக்கின்றன: வீராசாமி, ராம்சாமி, மூன்சாமி. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. மாரியம்மனும் இருக்கிறாள், காளிமாய் கோயில் என்கிறார்கள். அங்கே அடிக்கிற பறைக்கு 'தப்பு' என்றே பெயர், கரகம் எடுக்கிறார்கள், மாரியம்மன் தாலாட்டைத் தமிழிலேயே பாடுகிறார்கள். குவீன்ஸிலும் அப்படிப்பட்ட கோயில்கள் உண்டு. தமிழ் தெரியாத ஒரு வாயிலிருந்து தாலாட்டின் ஒரு அடி வந்ததை முதல் தடவை கேட்டபோது நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். பக்வாவன்று மதராசி, வடக்கத்தியர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை, எல்லாரும் நனைகிறார்கள்.

பள்ளிக்கு விடுமுறை உண்டா?

இல்லை. தீபாவளிக்கு மட்டும்தான், அதற்கும் 2023இல்தான் சட்டம் வந்தது. பக்வா வார நாளில் வந்தால் பிள்ளைகள் காதோரத்தில் இளஞ்சிவப்போடு பள்ளிக்குப் போவார்கள்.

சாப்பாடு எப்படி? வீட்டுக்கு அழைத்தால் என்ன கொண்டு போவது?

கோயிலில் சைவம். பூரி, சோறு, பருப்பு, பூசணிக் கறி, மாங்காய்க் கறி, கொண்டைக்கடலை. தெருவில் பொலோரி கிடைக்கும்: பட்டாணி மாவில் உருட்டிப் பொரித்த போண்டா, தொட்டுக்கொள்ள மாங்காய்ப் புளிச் சட்னி. குளிரில் நின்றுகொண்டு சுடச்சுடச் சாப்பிட்டால் பன்னிரண்டு உருண்டை போவது தெரியாது.

பக்வாவுக்கென்றே செய்வது கோஜா. பிறை வடிவம், ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, உள்ளே இனிப்புத் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிப்பது. நம் சோமாசிதான், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய லட்டுப் பெட்டியோடு போகாதீர்கள், அது எல்லா வீட்டிலும் ஆறு பெட்டி சேர்ந்துவிடும். நான் சோமாசி செய்து கொண்டுபோகிறேன், பொட்டுக்கடலையும் ரவையும் ஏலமும் வைத்து. ஆன்ட்டி முதல் வருடம் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சி எங்கே?" என்றார். அவர்கள் பூரணத்தில் இஞ்சி துருவிப் போடுவார்கள். இஞ்சி போட்டால் சோமாசி ஆகாது என்றேன் நான். இஞ்சி போடாவிட்டால் கோஜா ஆகாது என்றார் அவர். போன வருடத்திலிருந்து நான் பாதிக்கு இஞ்சி போடுகிறேன். அவர் தட்டில் அந்தப் பாதிதான் முதலில் தீர்கிறது.